மூளை நாடியில் பெரிய வீக்கம்: பயந்து ஒதுங்கவும் வேண்டாம், சும்மா விடவும் வேண்டாம்

(தம்பலகாமத்தில் குடியிருக்கும் மலையகக் குடும்பங்களை எமது சுகாதாரக் குழு சந்தித்தபோது ஆற்றிய உரை. தோட்டத்திலுள்ள வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.)



மலையிலிருந்து இறங்கி வந்து, தம்பலகாமத்து வயல்காற்றில் உங்களோடு உட்கார்ந்து பேசக் கிடைத்தது எங்களுக்கு மகிழ்ச்சி. 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களுக்குப் பின் தோட்டத்தை விட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் வந்த குடும்பங்கள் பல. அக்கா லயத்தில், தங்கச்சி வயற்கரையில் என்று உறவு இரண்டு பக்கமும் கிடக்கிறது. அப்படி இரண்டு பக்கமும் உறவுள்ள ஒரு குடும்பத்தினால்தான் இன்றைய பேச்சுக்கே காரணம் வந்தது. பெயரும் தோட்டமும் சொல்ல மாட்டோம். நடந்ததை மட்டும் சொல்கிறோம்.

அந்த அம்மாவுக்கு நாற்பத்தேழு வயது. கொழுந்து பறிப்பவர். ஒரு நாள் மலையில் நிற்கும்போது ஒரு கொழுந்து இரண்டாகத் தெரிந்திருக்கிறது. பிறகு வலது கண் இமை மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. கண்ணுக்குப் பின்னால் ஒரு வலி. பனடோல் போட்டார். கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள், மாட்டிக் கொண்டார். "கண்ணுபட்டிருச்சு" என்று சுற்றிப் போட்டார்கள். இப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது. ஒரு நாள் பேர் விழுந்தாலும் சம்பளம் குறையும் என்று அவர் யாரிடமும் அழுத்திச் சொல்லவும் இல்லை.

கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது, மூளைக்குப் போகும் பெரிய நாடி ஒன்றில் 28 மில்லிமீட்டர் அளவில் ஒரு வீக்கம். குடும்பத்தார் காதில் விழுந்தது "பெரிய கட்டி" என்ற சொல் மட்டும்தான். "புற்றுநோய், இனி ஒன்றும் செய்ய ஏலாது" என்று புருஷன் முடிவு கட்டிவிட்டார். தம்பலகாமத்திலிருந்த தங்கச்சிதான் விடவில்லை. "அக்காவை நான் கூட்டிட்டுப் போறேன், கேட்டுப் பாக்கிறதுல என்ன குறை?" என்றார். அந்தக் கேள்விக்கு உரிய பதிலைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம். நாங்கள் சத்திரசிகிச்சை செய்பவர்கள் அல்ல. வைத்திய நிபுணரின் முன்னால் போய் உட்காரும்போது நீங்கள் விளங்கிக் கொண்டு உட்கார வேண்டும் என்பதே எங்கள் நோக்கம்.

இது என்ன நோய்?

இதற்கு ஆங்கில வைத்தியத்தில் அனியூரிசம் என்று பெயர். நாம் நாடி வீக்கம் என்று சொல்லலாம். பழைய சைக்கிள் டியூபில் ஓரிடம் மெலிந்து போனால், காற்றடிக்கும்போது அந்த இடம் மட்டும் முட்டை போலப் புடைத்து வரும் அல்லவா? அதே போல, குருதி பாயும் நாடியின் சுவர் ஓரிடத்தில் பலவீனமானால், குருதியின் அழுத்தம் அதைப் பை போலத் தள்ளிவிடுகிறது. இது புற்றுநோய் அல்ல. தொற்றுநோயும் அல்ல. செய்வினையும் அல்ல.

நூறு பேரை எடுத்தால் இரண்டு மூன்று பேருக்கு மூளை நாடியில் சிறிய வீக்கம் இருக்கலாம். பெரும்பாலானவை பட்டாணியை விடச் சிறியவை. பலர் அது இருப்பது தெரியாமலே வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். ஆனால் 25 மில்லிமீட்டரும் அதற்கு மேலும், அதாவது சுமார் ஓர் அங்குலமும் அதற்கு மேலும் வளர்ந்தவற்றை வைத்தியர்கள் இராட்சத வீக்கம் என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வீக்கங்கள் இருபதில் ஏறக்குறைய ஒன்று இந்த வகை. ஆண்களை விடப் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது.

பெரியது ஏன் வேறு விதமானது? மூன்று காரணம் சொல்லலாம். ஒன்று, அது வெடிக்கலாம். இரண்டு, வெடிக்காமலே பக்கத்திலுள்ள நரம்பையும் மூளையையும் நெரிக்கும். அந்த அம்மாவின் இமை விழுந்தது இதனால்தான். மூன்று, பைக்குள் தேங்கிய குருதி கட்டியாகி, அதிலிருந்து ஒரு துண்டு உடைந்து போய் வேறிடத்தை அடைத்தால் பக்கவாதம் வரும்.

எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்?

ஒரு பொருள் இரண்டாகத் தெரிவது, ஒரு கண் இமை விழுவது, ஒரு பக்கக் கண்மணி பெரிதாவது, பார்வை மங்கிக் கொண்டே போவது, முகத்தில் ஒரு பக்கம் வலி அல்லது மரப்பு, புதிதாக வலிப்பு வருவது, கை கால் சோர்வது, நடை தள்ளாடுவது. இவற்றில் ஒன்று வந்தால் இதுதான் நோய் என்று அர்த்தமில்லை. ஆனால் பனடோலோடு நிறுத்திவிடக் கூடாத அறிகுறிகள் இவை. தோட்ட டிஸ்பென்சரியில் "தலை இடிக்குதுங்க" என்று மட்டும் சொல்லி மருந்து வாங்கி வராதீர்கள். "இமை விழுது, ரெண்டு ரெண்டா தெரியுது" என்று முழுவதையும் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் உங்களைச் சரியான ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்கும்.

வெடித்துவிட்டால் அறிகுறி வேறு. வாழ்நாளில் கண்டிராத தலையிடி, ஒரு நொடியில் உச்சிக்கு ஏறும். வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம், வலிப்பு வரலாம். அப்போது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தலையிடிக்கு டிஸ்பிரின், அஸ்பிரின் எதுவும் கொடுக்காதீர்கள். அவை குருதி உறைவதைத் தடுப்பவை. கோயிலுக்கு நேர்த்தி வைப்பதை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆளை அம்புலன்ஸில் ஏற்றிவிட்டு நேர்த்தி வையுங்கள்.

சும்மா விட்டால் என்ன ஆகும்?

கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளையும் ஊர் இது. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அந்தக் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போனதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உடையும் வரைக்கும் கட்டு கட்டாகத்தான் நின்றது. நாடி வீக்கமும் அப்படித்தான். இன்று வரை ஒன்றும் ஆகவில்லை என்பது நாளைக்கு உத்தரவாதம் அல்ல.

இதைப் பற்றி அமெரிக்கா, கனடா, ஐரோப்பா ஆகிய இடங்களில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு 2003ஆம் ஆண்டு வெளிவந்தது. மூளையின் முன்பக்க நாடிகளில் 7 மில்லிமீட்டருக்குக் குறைந்த வீக்கம் உள்ளவர்களில், முன்பு எந்த வீக்கமும் வெடித்திராதவர்களுக்கு, ஐந்து ஆண்டில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. ஆனால் 25 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ளவை முன்பக்கம் இருந்தால் ஐந்து ஆண்டுக்குள் நூற்றுக்கு 40 வெடிக்கும் என்றும், பின்பக்க நாடிகளில் இருந்தால் நூற்றுக்கு 50 என்றும் கணக்கிட்டார்கள். கண்ணுக்குப் பின்னால், மண்டையோட்டின் அடித்தளத்தில் நாடி வளைந்து போகும் ஓரிடம் மட்டும் விதிவிலக்கு. அங்கே இருந்தால் நூற்றுக்கு ஆறு ஏழுதான். வெடித்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிர் தப்புவதில்லை. தப்பியவர்களிலும் பலருக்குக் குறை தங்கிவிடுகிறது.

ஆகவே "எவ்வளவு பெரிது?" என்று கேட்பது போலவே "எந்த இடத்தில்?" என்றும் கேட்க வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டு வீக்கங்களுக்கு இரண்டு விதமான பதில் வரலாம்.

என்ன சிகிச்சைகள் உண்டு?

முதலில் படம் எடுப்பார்கள். சீ.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. ஸ்கேன், பிறகு தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள நாடி வழியாக மெல்லிய குழாயை ஏற்றி மருந்து விட்டு எடுக்கும் ஆஞ்சியோகிராம். "ஏன் திரும்பத் திரும்பப் படம்?" என்று சலிக்க வேண்டாம். ஆஞ்சியோகிராமில் குருதி ஓடும் பகுதி மட்டுமே தெரியும். உறைந்து கிடக்கும் பகுதி எம்.ஆர்.ஐ. படத்தில்தான் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை அளவு விளங்கும்.

பிறகு நான்கு வழிகள் உண்டு.

முதலாவது, மண்டையைத் திறந்து, வீக்கத்தின் கழுத்தில் சிறிய கிளிப் போட்டு மூடுவது. அமெரிக்காவில் வோல்டர் டாண்டி என்ற வைத்தியர் 1937ஆம் ஆண்டு இதை முதலில் செய்து காட்டினார். சிறிய வீக்கத்துக்கு இது நல்ல வழி. பெரிய வீக்கத்திலோ கழுத்து அகன்றிருக்கும், சுவர் சுண்ணாம்பு ஏறிக் கெட்டியாக இருக்கும், உள்ளே உறைந்த குருதி அடைந்திருக்கும், மூளைக்குப் போகும் கிளைகள் பையிலிருந்தே புறப்படும். எனவே முடியாததல்ல, ஆனால் கடினமானது.

இரண்டாவது, வீக்கத்துக்குப் போகும் நாடியையே அடைத்துவிடுவது. இதைக் கேட்டதும் அந்த அம்மாவின் புருஷன், "கழுத்து நரம்பை அடைச்சா உசுரு இருக்குமாய்யா?" என்று பதறிப் போனார். நியாயமான கேள்வி. மூளைக்கு நான்கு பெரிய நாடிகள் போகின்றன. மூளையின் அடியில் அவை ஒரு வளையமாகச் சேர்கின்றன. ஒரு வாய்க்காலை மறித்தால் மற்ற வாய்க்கால் தண்ணீர் சுற்றி வந்து வயலை நனைப்பது போல, வளையம் நன்றாக இருந்தால் மற்ற நாடிகள் குருதி கொடுக்கும். வளையம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அதனால் முதலில் சிறிய பலூனால் நாடியைக் கொஞ்ச நேரம் அடைத்து, ஆளைப் பேச வைத்து, கை கால் அசைக்க வைத்துச் சோதிப்பார்கள். சோதனையில் தேறாவிட்டால், கையிலிருந்தோ காலிலிருந்தோ ஒரு குழாயை எடுத்து மாற்றுப் பாதை அமைத்த பிறகே அடைப்பார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பணியாற்றிய டொக்டர் லாலிகம் சேகர் இத்தகைய மாற்றுப் பாதைச் சிகிச்சையில் உலகறிந்தவர்.

மூன்றாவது, குழாய் வழியாக மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருள்களை வீக்கத்துக்குள் விட்டு நிரப்புவது. மண்டையைத் திறக்க வேண்டியதில்லை. 1990களில் பரவிய முறை இது. ஆனால் பெரிய பைக்குள் சுருள்கள் நாளடைவில் அமுங்கி, வீக்கம் மறுபடி திறந்து கொள்வது அடிக்கடி நடக்கிறது.

நான்காவது, நாடிக்குள்ளேயே நெருக்கமான கம்பி வலைக் குழாய் ஒன்றை வைப்பது. வாய்க்கால் ஓரத்தில் பள்ளம் விழுந்தால், அதன் வாயை மறித்துக் கல் அடுக்கினால் தண்ணீர் நேராக ஓடும், பள்ளத்தில் சேறு படிந்து தூர்ந்துவிடும். அதே வேலையைத்தான் இந்த வலை செய்கிறது. 2011ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெரிய வீக்கங்களுக்கு இது அனுமதி பெற்றது. அதற்காக 108 பேரிடம் செய்த ஆய்வில், ஓராண்டு முடிவில் நூற்றுக்கு 87 வீக்கங்கள் முற்றாக மூடியிருந்தன. நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குப் பெரிய பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. அந்த 108 பேரில் 22 பேருக்கே இராட்சத வீக்கம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும்.

இந்த நான்கும் வேண்டாம், மாத்திரையோடு கவனித்துக் கொண்டிருப்போம் என்று வைத்தியர் சொல்வதும் உண்டு. மிகவும் வயதானவர், இருதய நோயாளி, அல்லது வெடிக்கும் வாய்ப்புக் குறைந்த இடத்தில் வீக்கம் உள்ளவர் ஆகியோருக்கு அதுவே சரியாக இருக்கலாம். அது கைவிடுவது அல்ல.

சிகிச்சையில் ஆபத்து இல்லையா?

உண்டு. அதை மறைக்கக் கூடாது. முன்பு சொன்ன 2003ஆம் ஆண்டு ஆய்விலேயே, வயது ஐம்பதுக்கு மேல், வீக்கம் 12 மில்லிமீட்டருக்கு மேல், பின்பக்க நாடி என்ற மூன்றும் சத்திரசிகிச்சையின் பலனைக் குறைக்கின்றன என்று கண்டார்கள். ஆக, சும்மா விட்டாலும் ஆபத்து, தொட்டாலும் ஆபத்து. எது குறைந்த ஆபத்து என்று நிறுத்துப் பார்ப்பதுதான் வேலை. பெரும்பாலான இராட்சத வீக்கங்களில் தராசு சிகிச்சைப் பக்கமே சாய்கிறது.

வைத்தியரிடம் ஐந்து கேள்வி கேளுங்கள். வீக்கம் எந்த நாடியில், எத்தனை மில்லிமீட்டர்? சும்மா விட்டால் என் வயதுக்கு என்ன ஆபத்து? நீங்கள் சொல்லும் சிகிச்சையில் என்ன ஆபத்து? இதை அடிக்கடி செய்யும் ஆஸ்பத்திரி எது? பிறகு எத்தனை காலம் மருந்து, எத்தனை தடவை ஸ்கேன்? மொழி விளங்காவிட்டால் வெட்கப்பட வேண்டாம். "தமிழில் சொல்லுங்க" என்று கேட்பது உங்கள் உரிமை. விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள்.

எங்கே போவது?

தம்பலகாமத்துக்காரருக்குத் திருகோணமலை ஆஸ்பத்திரி, தோட்டத்தாருக்குப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி. அங்கிருந்து கண்டி அல்லது கொழும்பு தேசிய வைத்தியசாலையின் மூளைச் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புவார்கள். டொக்டர் ஷெல்டன் கப்ரால் 1950களில் கொழும்பில் தொடங்கி வைத்த பணி இது. அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. வலைக் குழாய் போன்ற சாமான்கள் விலை கூடியவை. அவை தேவைப்பட்டால் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். கடன் வாங்கி நகையை அடகு வைக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

சிகிச்சைக்குப் பிறகு

இங்கேதான் எங்கள் மக்கள் தவறிவிடுகிறார்கள். வலைக் குழாய் வைத்தவர்கள் குருதி உறையாதிருக்கப் பல மாதம் இரண்டு வகைக் குளிசை எடுக்க வேண்டும். "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று தாமாக நிறுத்தினால் வலைக்குள் குருதி உறைந்து பக்கவாதம் வந்துவிடும். ஒரு நாள் பேர் போகுமென்று கிளினிக் போகாமல் விடுவதும் அதே தவறுதான். எவ்வளவு நல்ல சிகிச்சையும் அந்த ஒரு நாளில் வீணாகலாம். பிரஷர் குளிசையும் அப்படியே. பீடி, சிகரட், புகையிலை போட்ட வெற்றிலை மூன்றையும் விட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரியில் தரும் டயக்னோசிஸ் காட்டைப் பத்திரமாக வையுங்கள். தலைக்குள் கிளிப்போ சுருளோ இருப்பது அதைப் பார்த்துத்தான் அடுத்த முறை எம்.ஆர்.ஐ. எடுப்பவருக்குத் தெரியும்.

கூட்டத்தில் வந்த கேள்விகள்

"பிள்ளைகளுக்கும் வருமா?" என்று ஓர் அம்மா கேட்டார். ஒரே குடும்பத்தில் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் என்ற நெருங்கிய உறவில் இருவருக்கு இருந்தால் மற்றவர்கள் பரிசோதித்துக் கொள்வது நல்லது. ஒருவருக்கு மட்டும் என்றால் பொதுவாகப் பயப்பட வேண்டியதில்லை.

"விழுந்த இமை திரும்ப எழும்புமா?" என்று ஒரு தம்பி கேட்டார். எழும்பலாம். எவ்வளவு சீக்கிரம் நெரிப்பு நீங்குகிறதோ அவ்வளவு நல்லது. நாள்பட்டுப் போன பார்வை திரும்புவது கடினம். ஆகவேதான் எட்டு மாதம் என்பதை வருத்தத்தோடு சொன்னோம்.

"அந்த அக்கா இப்ப எப்பிடி இருக்காங்க?" இதைத்தான் பலரும் கேட்டீர்கள். சோதனை பண்ணி, நாடியை அடைத்தார்கள். மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தார். வலி போய்விட்டது. இமை முக்கால்வாசி எழும்பிவிட்டது. பக்கவாட்டில் பார்த்தால் இன்றும் இரண்டாகத்தான் தெரிகிறது. சரிவான மலைக்கு அனுப்பாமல் இலேசான வேலை கொடுத்திருக்கிறார்கள். முழுக்கச் சுகம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் சென்ற தைப்பொங்கலுக்குத் தங்கச்சி வீட்டுக்கு, இந்தத் தம்பலகாமத்துக்கு, தன் காலிலேயே பஸ் ஏறி வந்து போனார்.

"இனி ஒன்றும் செய்ய ஏலாது" என்று அன்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதியிருந்தால் அந்தப் பொங்கல் எப்படியிருந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. தீர்ப்பை நாம் எழுத வேண்டாம். கேட்டுப் பார்ப்போம், விளங்கிக் கொள்வோம், பிறகு குடும்பமாக உட்கார்ந்து முடிவு எடுப்போம்.